வளரும் மூளையும் கஞ்சாவும்

ஆறு வயதுக் குழந்தையின் மூளை, அளவில் பெரியவரின் மூளையில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உள்வேலை முடிய மட்டும் இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். அந்த உள்வேலையில் பெரும்பங்கு பதின்பருவத்தில் நடக்கிறது. கஞ்சாவைத் தொடுகிறவர்களில் மிகப் பலர் முதன்முதலில் தொடுவதும் அதே பருவத்தில்தான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் மூளைக்கு என்ன ஆகிறது, பிற்காலத்தில் வேறு போதைப்பொருட்கள் பக்கம் போகிற வாய்ப்பு கூடுகிறதா என்ற கேள்விகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். சில பதில்கள் உறுதியாகக் கிடைத்திருக்கின்றன. சில பதில்கள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டம் காண்கின்றன.

பதின்பருவ மூளையில் நடக்கும் முக்கியமான வேலை கழித்தல். சிகாகோ பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லோக்கர் 1970-களில், வெவ்வேறு வயதில் இறந்தவர்களின் முன்மூளைத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இணைப்புகளை எண்ணினார். வயது ஏற ஏற இணைப்புகள் பெருகிக்கொண்டே போகும் என்பதுதான் பொதுவான எண்ணம். 1979-ல் அவர் வெளியிட்ட கணக்கு அதற்கு நேர்மாறாக இருந்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தையிடம் இருந்த இணைப்பு அடர்த்தி, பெரியவர்களிடம் இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்குப் பிறகு பதினாறு வயது வரை அது படிப்படியாகக் குறைந்தது. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன; பயன்படாதவை களையப்படுகின்றன. மிஞ்சிய நரம்பிழைகள்மீது மயலின் என்னும் கொழுப்புறை படர, செய்தி ஓடும் வேகம் கூடுகிறது.

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர், ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படமெடுத்து இதை உயிருள்ள மூளையிலேயே காட்டினார்கள். 1999-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, முன்மூளையின் சாம்பல் நிறப் பகுதி பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெலியத் தொடங்குகிறது. உணர்ச்சியையும் வெகுமதியையும் கையாளும் உட்பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புறணி கடைசியாகத்தான் பக்குவம் அடைகிறது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, பின்விளைவை எடைபோடுவது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் புலம்புவதற்கு இப்படி ஓர் உடற்கூற்றுக் காரணமும் உண்டு.

மூளைக்குள் ஒரு பூட்டு, அதற்கு இரண்டு சாவிகள்

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற சேர்மத்தைத் தனியே பிரித்து அதன் வடிவத்தைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். ஆண்டு 1964. ஆய்வுக்குத் தேவைப்பட்ட 5 கிலோ ஹஷீஷை (கஞ்சாப் பிசினை) காவல்துறையிடம் கேட்டு வாங்கி, சாதாரணப் பயணிகள் பேருந்தில் கொண்டுவந்ததாக மெக்கூலம் பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

டி.எச்.சி. மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது மேலும் 24 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அதற்கான ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் சி.பி.1. எங்கோ ஒரு செடியில் விளையும் பொருளுக்கு மூளை ஏன் பூட்டு தயாரித்து வைத்திருக்க வேண்டும்? மூளையே அப்படியொரு சாவியைத் தயாரிப்பதாக இருந்தால்தான் கணக்கு நேராகும். 1992-ல் மெக்கூலம் குழு பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்து ‘அனந்தமைடு’ என்று பெயரிட்டது. 1995-ல் இரண்டாவதாக 2-ஏ.ஜி. என்ற மூலக்கூறும் கிடைத்தது.

இந்த மூலக்கூறுகள் வேலை செய்யும் விதம் வழக்கமான நரம்புச் செய்திகளுக்கு எதிர்த்திசை. பொதுவாக முதல் செல் அனுப்பும், இரண்டாவது செல் வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்கும் செல், ‘போதும், குறைத்துக்கொள்’ என்று அனுப்பிய செல்லுக்கே பதில் அனுப்புகிறது. அந்தப் பதில்தான் 2-ஏ.ஜி. போன்ற மூலக்கூறு. தேவைப்படும் கணத்தில், தேவைப்படும் இடத்தில் மட்டும் அது உருவாகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் உடனே அதைச் சிதைத்துவிடுகின்றன. டி.எச்.சி. அப்படிச் சிதைவதில்லை. உள்ளே போனதும் சி.பி.1 ஏற்பி உள்ள எல்லா இடத்தையும் ஒருசேர ஆக்கிரமித்து மணிக்கணக்கில் தங்குகிறது. வயலுக்கு வயல் மடை திறந்து மூடி நீர் பாய்ச்ச வேண்டிய இடத்தில் ஏரிக் கரையையே வெட்டிவிட்டது போன்றது இது. மிச்சம் உடலின் கொழுப்பில் படிந்து மெல்லக் கசிகிறது. தினமும் புகைப்பவரின் சிறுநீரில் நிறுத்திச் சில வாரங்களுக்குப் பிறகும் தடயம் கிடைப்பது இதனால்தான்.

நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ், அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை, அச்சத்தை அளக்கும் அமிக்டலா, முன்புறணி ஆகிய எல்லாவற்றிலும் சி.பி.1 நிறைந்திருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் மட்டும் அது மிகக் குறைவு. ஹெராயின் அளவுக்கு மீறினால் மூச்சு நின்றுவிடும். கஞ்சாவில் அப்படி நேர்வதில்லை. ‘கஞ்சா யாரையும் கொன்றதில்லை’ என்று நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி ஒலிக்கும் வாதத்தின் வேர் இதுதான். மூச்சைப் பொறுத்தவரை அது சரியான வாதம். வளர்ச்சியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பருவத்தோடு இந்த அமைப்புக்கு உள்ள உறவு ஆய்வகத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. எலிகளின் முன்புறணியில் சி.பி.1 ஏற்பிகள் பதின்பருவத் தொடக்கத்தில் ஏராளமாக இருந்து, வயது கூடும்போது குறைகின்றன. கிளர்ச்சியை அடக்கும் காபா நரம்பு வலைகள் அங்கே முதிர்வதும் அந்தக் காலத்தில்தான். கூயே செங் என்ற ஆய்வாளரின் குழு, டி.எச்.சி.யைப் போலவே சி.பி.1 ஏற்பியைத் தூண்டும் செயற்கைச் சேர்மத்தை இளம் எலிகளுக்குச் செலுத்திவிட்டு, அவை வளர்ந்த பிறகு சோதித்தது. அவற்றின் முன்புறணியில் அடக்கும் வலை முதிராமலே நின்றிருந்தது. அதே சேர்மத்தை வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த விளைவு ஏற்படவில்லை. பொருள் ஒன்று, அளவு ஒன்று. மாறியது வயது மட்டும். கஞ்சா ‘லேசான’ போதையா ‘கடுமையான’ போதையா என்று பொத்தாம்பொதுவாக நடக்கும் விவாதங்களில் விட்டுப்போவது இந்த வயதுக் கணக்குதான்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் யாஸ்மின் ஹர்ட் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாகப் போனது. டி.எச்.சி. செலுத்தப்பட்ட இளம் எலிகளின் முன்புறணி நரம்புச் செல்களை உருப்பெருக்கிப் பார்த்தபோது, கிளைகளின்மேல் முளைத்திருக்க வேண்டிய நுண்முட்கள் உரிய காலத்துக்கு முன்பே உதிர்ந்திருந்தன. தொலைவில் உள்ள கிளைகளும் சுருங்கியிருந்தன. களையெடுப்பு நடக்க வேண்டியதுதான். அது நடக்கும் நேரமும் இடமும் பிசகியிருந்தன.

எலியும் நெம்புகோலும்

பிற்காலப் போதைப் பழக்கம் பற்றிய கேள்விக்கு ஹர்ட், மரியா எல்கிரன் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட பரிசோதனை இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எலிக்குப் பிறந்த 28-ஆம் நாள் முதல் 49-ஆம் நாள் வரை பதின்பருவம். அந்த மூன்று வாரங்களில் மூன்று நாளைக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வீதம் டி.எச்.சி. ஊசி போட்டார்கள். தினமும் புகைக்கும் ஆளை மனத்தில் வைத்து அமைத்த அளவு அன்று. அவ்வப்போது நண்பர்களோடு புகைக்கும் பையனை மனத்தில் வைத்தது. பிறகு ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

எலிகள் வளர்ந்த பின் ஒவ்வொன்றின் நரம்பிலும் மெல்லிய குழாய் பொருத்தி, கூண்டில் நெம்புகோல் வைத்தார்கள். அதை அழுத்தினால் குழாய் வழியே ஒரு துளி ஹெராயின் இறங்கும். எவ்வளவு வேண்டும் என்பதை எலியே முடிவு செய்யும். டி.எச்.சி. அறியாத எலிகள் ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றன. இளமையில் டி.எச்.சி. கண்ட எலிகளின் அளவோ மேலே மேலே போனது. குறைந்த அளவு ஹெராயினுக்கும் அவை கூடுதலாக நெம்புகோலை அழுத்தின. மூளையைப் பிரித்துப் பார்த்தபோது, வெகுமதி மையமான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் மூளையே சுரக்கும், ஹெராயின் வகையை ஒத்த ஓபியாய்டு ஒன்றின் மரபணு வழக்கத்தைவிட அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தது. டி.எச்.சி. நின்று வாரங்கள் கடந்தும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

இதை எல்லாப் போதைக்கும் நீட்டிப் பேசுவது தவறு. அதே ஆய்வுக் குழுவினர் முன்னதாக ஊக்கப்பொருளான ஆம்ஃபெட்டமைனை வைத்துச் சோதித்தபோது, இளமையில் கஞ்சாச் சேர்மம் கண்ட எலிகளின் மூளையில், வெகுமதிச் செய்தியைச் சுமக்கும் டோபமைனின் எதிர்வினையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாதிப்பு, ஓபியாய்டு வழியில்தான் பதிந்திருந்தது. தவிர, இளமையில் கஞ்சா கண்டும் ஹெராயினுக்கு அடிமையாகாத மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எலிக்கு வீடு இல்லை, பள்ளி இல்லை, அப்பாவுக்குக் குடிப்பழக்கமும் இல்லை. கூண்டு, ஊசி, நெம்புகோல் இந்த மூன்றோடு அதன் உலகம் முடிந்தது.

மனித உலகில் இந்தக் கேள்வி வேறு பெயரில் வளர்ந்தது. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து விசாரித்த கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டெனிஸ் காண்டெல், பழக்கங்கள் ஒரு வரிசையில் வருவதை 1975-ல் எடுத்துக் காட்டினார். முதலில் பீரும் ஒயினும், பிறகு சிகரெட் அல்லது கடும் மது, அதன் பின் கஞ்சா, கடைசியாக மற்றவை. இது ‘நுழைவாயில்’ கொள்கை என்று புகழ்பெற்றது. அரசியல்வாதிகள் இதில் கஞ்சாவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் அதற்கு முன்னால் நின்ற பீரையும் சிகரெட்டையும் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. டெனிஸும், நோபல் பரிசு பெற்ற அவருடைய கணவர் எரிக் காண்டெலும் 2011-ல் எலிகளில் காட்டியது நிகோட்டினைப் பற்றி. முன்கூட்டியே நிகோட்டின் கொடுத்தால் கொக்கெயினின் தாக்கம் கூடியது. வரிசையை மாற்றிக் கொடுத்தால் கூடவில்லை. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பைக்குள் புகுந்திருக்கும் ஊர்களில் கஞ்சாவைப் பற்றி மட்டும் எச்சரிப்பது பாதிப் பாடமாகவே முடியும்.

வரிசை இருப்பதால் மட்டும் முதலாவது இரண்டாவதுக்குக் காரணம் ஆகிவிடாது. 2002-ல் ராண்ட் நிறுவனத்தின் ஆண்ட்ரூ மொரால் குழுவினர் இதைக் கணித மாதிரியில் சோதித்தார்கள். சிலரிடம் போதைப்பொருள் நாட்டம் இயல்பாகவே அதிகம். கஞ்சா முதலில் கைக்கெட்டுகிறது, மற்றவை பின்னர். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, கஞ்சாவுக்கு எந்தப் பங்கும் தராமலேயே, அமெரிக்கக் கணக்கெடுப்பில் தெரியும் அதே வரிசையை அவர்களால் உருவாக்க முடிந்தது. 2010-ல் 17 நாடுகளின் தரவை ஒப்பிட்ட உலக மனநல ஆய்வும் இதை ஒட்டியே வந்தது. கஞ்சா அரிதாகப் புழங்கும் ஜப்பானிலும், நைஜீரியாவிலும் அதைத் தொடாமலேயே வேறு போதைக்குப் போனவர்கள் கூடுதல். எது முதலில் கிடைக்கிறதோ அதுவே வாயிலாகிவிடுகிறது.

இந்தியக் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட ஒரே வகை, முகர்ந்து இழுக்கும் கரைப்பான்களும் பசைகளும்தான். 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். தெருவோரப் பிள்ளைக்கு முதலில் எட்டுவது பத்து இருபது ரூபாய்ப் பசை.

இரட்டையரில் ஒருவர்

நாட்டம், குடும்பம், மரபணு ஆகியவற்றைக் கஞ்சாவின் தாக்கத்திலிருந்து பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. இரட்டையரில் ஒருவர் இளமையில் தொடங்கி, மற்றவர் தொடங்காமல் இருந்தால் அந்த இருவரையும் ஒப்பிடலாம். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே தெரு. ஒரு கரு இரட்டையராக இருந்தால் மரபணுவும் ஒன்றே. மைக்கேல் லின்ஸ்கி தலைமையில் 2003-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இப்படிப்பட்ட 311 ஜோடிகளை எடுத்துக்கொண்டது. 17 வயதுக்கு முன் கஞ்சாவைத் தொட்டவருக்கு, தொடாத உடன்பிறப்பைவிட, மற்ற போதைப்பொருள் பயன்பாடு, மதுச் சார்பு, போதைச் சார்பு ஆகியவற்றுக்கான வாய்ப்பு 2.1 முதல் 5.2 மடங்கு வரை கூடியிருந்தது. குடும்பப் பின்னணியைச் சொல்லி இதைக் கழித்துவிட முடியாது.

ஆனால் இரட்டையர்களும் ஒரே நண்பர்களோடு திரிவதில்லை. கஞ்சா வாங்கப் போகிற இடத்தில் வேறு பொருளும் விற்கும் ஆள் இருப்பான். ஒருமுறை சட்டத்தை மீறிய பையனுக்கு அடுத்த மீறல் எளிதாகும். நெதர்லாந்து 1976-ல் தன் போதைச் சட்டத்தைத் திருத்தி, காபிக் கடைகளில் கஞ்சா விற்பதைக் கண்டும் காணாமலும் விட்டதன் நோக்கமே, கஞ்சாவுக்கு வருகிறவன் ஹெராயின் வியாபாரியின் கண்ணில் படக்கூடாது என்பதுதான். சந்தையைப் பிரித்த அந்த நாட்டு இரட்டையர்களிடமும் லின்ஸ்கி குழுவினர் ஆய்வு நடத்தி, இளமைத் தொடக்கத்துக்கும் பிற்காலப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு அங்கும் நீடிப்பதைக் கண்டார்கள். ஆக, தெரு வியாபாரியை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் வழியில்லை. மூளையில் பதியும் தடம், வட்டாரத்தின் இழுப்பு, பிறவி நாட்டம் மூன்றும் சேர்ந்தே வேலை செய்வதாகக் கொள்வதுதான் இன்றுள்ள ஆதாரத்துக்குப் பொருந்துகிறது.

கஞ்சாவுக்கே அடிமையாவதில் வயதின் பங்கு மேலும் தெளிவு. கஞ்சாவைத் தொட்ட எல்லோரையும் எடுத்துக்கொண்டால் சுமார் 9 சதவீதம் பேர் சார்பு நிலைக்குப் போகிறார்கள். பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர்.

நுண்ணறிவும் படங்களும்: ஒரு நீண்ட வழக்கு

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-ல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு உலகப் புகழ்பெற்றது. 13 வயதிலும் 38 வயதிலும் அவர்களின் ஐ.க்யூ. அளக்கப்பட்டது. பதின்பருவத்தில் தொடங்கி நெடுங்காலம் கஞ்சாச் சார்பில் இருந்தவர்கள் சராசரியாக 8 புள்ளி இழந்திருந்ததாக மேடலின் மையர் குழு 2012-ல் அறிவித்தது. பெரியவரான பின் தொடங்கியவர்களிடம் அந்த வீழ்ச்சி இல்லை. செய்தித்தாள்கள் ‘கஞ்சா அறிவைத் தின்னும்’ என்று தலைப்பிட்டன.

அடுத்த ஆண்டே நார்வேப் பொருளியலாளர் ஓலே ரோகபெர்க், வசதியற்ற குடும்பப் பின்னணியும் இந்தப் புள்ளிகளை விளக்கக்கூடும் என்று வாதிட்டார். 2016-ல் அமெரிக்க இரட்டையர் ஆய்வுகள் இரண்டில் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவு வந்தது. கஞ்சா புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் ஐ.க்யூ. வீழ்ச்சியில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. டனீடன் ஆய்வை எழுதிய மையரே 2018-ல் பிரிட்டிஷ் இரட்டையர்களிடம் சோதித்து, இளமைக் காலக் குறுகிய பழக்கம் ஐ.க்யூ.வைக் குறைப்பதற்கான சான்று பலவீனமானது என்று எழுதினார். இரண்டு தரப்பும் அளந்தது ஒன்றையே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இரட்டையர் ஆய்வுகள் இருபது வயதை ஒட்டி முடிந்துவிட்டன. டனீடன் கணக்கு இருபது ஆண்டு விடாப் பழக்கத்தைப் பற்றியது. அப்படிப்பட்டவர்கள் அந்த ஆயிரம் பேரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள்.

மூளைப் படங்களிலும் இதே இழுபறி. ஐரோப்பாவின் இமேஜன் ஆய்வில், 14 வயதில் கஞ்சாவே தொடாத 799 பேரை அப்போதும், 19 வயதில் மீண்டும் படமெடுத்தார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் 369 பேர் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தனர். பயன்பாடு கூடக்கூட முன்புறணியின் சில பகுதிகள் வேகமாக மெலிந்திருந்தன. எங்கெங்கே சி.பி.1 ஏற்பி அடர்த்தியோ அங்கெல்லாம் மெலிவும் அதிகம் என்பது 2021-ல் வெளியான அந்த ஆய்வின் வலுவான கண்டுபிடிப்பு. எலி ஆய்வகம் சொன்னதற்கும் மனிதப் படத்துக்கும் இடையில் இவ்வளவு பொருத்தம் கிடைப்பது அரிது.

மறுபக்கம், அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 11,900 பேரைச் சேர்த்து நடக்கும் ஏ.பி.சி.டி. ஆய்வு 2024-ல் வேறொரு செய்தி தந்தது. ஏறத்தாழ 9,800 பிள்ளைகளின் தரவை அலசியபோது, 35 சதவீதம் பேர் 15 வயதுக்குள் மது, நிகோட்டின், கஞ்சா இவற்றில் ஒன்றையாவது தொட்டிருந்தனர், பெரும்பாலும் மது. அவர்களுடைய மூளை அமைப்பில் காணப்பட்ட பல வேறுபாடுகள், எதையும் தொடுவதற்கு முன்பு எடுத்த முதல் படத்திலேயே இருந்தன. போதை மூளையை மாற்றியது என்று இதுவரை எழுதப்பட்டவற்றில் ஒரு பங்கு, அந்த மூளை போதையை நாடியது என்று திருத்தி வாசிக்கப்பட வேண்டியிருக்கும்.

மனநோய்க் கணக்கில் இவ்வளவு இழுபறி இல்லை. 1969–70-ல் சுவீடன் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-ல் வந்தது. 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்ததாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. டனீடனில் 15 வயதுக்குள் தொடங்கியவர்களில் 10 சதவீதம் பேருக்கு 26 வயதில் மனச்சிதைவை ஒத்த கோளாறு இருந்தது. தொடாதவர்களில் 3 சதவீதம். அந்தப் பத்து சதவீதம் சில ஆட்கள்தான் என்பதால் அதை மட்டும் வைத்து அச்சுறுத்துவது முறையல்ல. ஆனால் மார்த்தா டி ஃபோர்ட்டி குழு 2019-ல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்திய ஒப்பீட்டில், டி.எச்.சி. 10 சதவீதத்தைத் தாண்டும் வீரிய ரகத்தைத் தினமும் புகைத்தவர்களுக்கு மனப்பிறழ்வு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவின் சராசரி டி.எச்.சி. 1995-ல் 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். ‘நாங்களும்தான் அந்தக் காலத்தில் புகைத்தோம்’ என்று சொல்லும் மூத்த தலைமுறை புகைத்தது வேறு சரக்கு.

கருவறைக் காலத்தையும் சேர்த்துத்தான் ‘இளமைத் தொடர்பு’ என்று பேச வேண்டும். டி.எச்.சி. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கர்ப்பத்தின் நடுக்காலத்தில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்கள் சம்மதித்து அளித்த திசுக்களை ஹர்ட் குழு ஆராய்ந்தது. கஞ்சா புகைத்த தாய்மார்களின் கருக்களில், வெகுமதியையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளில் டோபமைன் டி2 ஏற்பி மரபணுவின் இயக்கம் குறைந்திருந்தது. டி2 குறைவாக இருப்பது போதைச் சார்பாளர்களின் மூளையில் திரும்பத் திரும்பக் காணப்படும் அடையாளம்.

சட்டமும் சிகிச்சையும்

கஞ்சாவை அனுமதித்த நாடுகள் வயதில் கோடு போட்டிருக்கின்றன. 2018 அக்டோபர் 17-ல் சட்டபூர்வமாக்கிய கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் 19 வயது வரம்பு. கியூபெக் மாகாணம் 18-ல் தொடங்கி, 2020-ல் அதை 21-ஆக உயர்த்தியது. மூளை முதிர்ச்சிக்கு 25 வயது என்று மருத்துவர்கள் சொன்னாலும் அதுவரை தடுத்தால் இளைஞர்கள் கள்ளச் சந்தைக்கே திரும்புவார்கள் என்பதால் வந்த சமரசம் இது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவையும் அதன் பிசினான சரஸையும் தடுக்கிறது. செடியின் பூவும் காயும் அல்லாத தனி இலை அதன் வரையறைக்குள் வராததால் பாங்கு தப்பிக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பயன்படுத்துவதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிற அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இந்தப் பிரிவு பெற்றோர்களில் பலருக்குத் தெரிவதில்லை. காவல் நிலையத்துக்குப் பயந்து மருத்துவமனை வாசலை மிதிக்காமலே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும், பொட்டலம் கொண்டுபோக அவர்களைப் பயன்படுத்துபவருக்கும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. போதையிலிருந்து மீளும் உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 14446.

கஞ்சாப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. ஆலோசனையும் நடத்தைச் சிகிச்சையும்தான் கையில் உள்ளவை. நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். இதை வீட்டார் ‘திமிர்’ என்று எடுத்துக்கொண்டு சண்டை பிடிப்பதும், பையன் திரும்பப் புகைக்கப் போவதும் ஆலோசகர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி. 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேடு இதை முறையான விலகல் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. தினமும் புகைப்பவர்களிடம் குறைந்துபோகும் சி.பி.1 ஏற்பிகள், நிறுத்திய இரண்டு நாளிலேயே மீளத் தொடங்கிச் சுமார் நான்கு வாரத்தில் இயல்புக்குத் திரும்புவதைப் படங்கள் காட்டியிருக்கின்றன. பாஸ்டனில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 88 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் நிறுத்தியவர்களின் சொல் நினைவாற்றல் தேறியது. தேறியதில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. கவனத்தைச் சோதித்த தேர்வுகளில் மட்டும் அந்த ஒரு மாதத்தில் முன்னேற்றம் தெரியவில்லை.